எழுபதுக்கும் எழுபத்தொன்றுக்கும் இடையில்

ஃப்ரெடி லீ ஹால் கொலைக் குற்றவாளி. 1978-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், கருவுற்றிருந்த இளம்பெண் ஒருத்தியை இன்னொருவருடன் சேர்ந்து கடத்திக் கொன்றவர். அவர் குற்றம் செய்தாரா என்பதில் இங்கே பேச ஒன்றுமில்லை. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனையை நிறைவேற்றக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்த பிறகு, அவருடைய உயிர் வேறொரு கேள்வியில் போய் நின்றது. அவருக்கு அந்தக் குறைபாடு உண்டா? யாரைக் குறைபாடு உள்ளவர் என்று கொள்வது என்பதை மாநிலங்களின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். ஃப்ளோரிடா 70-ல் கோடு கிழித்தது. ஹாலின் நுண்ணறிவு ஈவாக நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட எண் 71. பள்ளி நாட்களிலேயே ஆசிரியர்கள் அவரை மனவளர்ச்சி குன்றியவர் என்று பலமுறை குறித்து வைத்திருந்தார்கள். நாற்பது ஆண்டுகளில் நடந்த வெவ்வேறு சோதனைகளில் அவர் 60-க்கும் 80-க்கும் இடையில் எங்கெங்கோ நின்றிருந்தார். அதையெல்லாம் இந்தக் கேள்விக்காக எடைபோட்டுப் பார்க்க மாநில நீதிமன்றங்களுக்கு மனமில்லை. கோட்டுக்கு ஒரு புள்ளி மேலே இருக்கிறார், பேச்சு முடிந்தது.

2014-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தவறென்றது. ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். நீதிபதிகள் புதிதாக எந்த அறிவியலையும் கண்டுபிடிக்கவில்லை. சோதனையை உருவாக்கியவர்களே எப்போதும் சொல்லிவந்ததைத்தான் எடுத்துச் சொன்னார்கள். ஒருவரை மீண்டும் மீண்டும் சோதித்தால் மதிப்பெண் முன்பின்னாக வரும். எவ்வளவு முன்பின்னாக வரும் என்பதைக் கணக்கிட்டு, திட்டப்பிழை என்ற பெயரில் கூடவே தருவது இத்துறையின் வழக்கம். 71 என்று வந்தால், உண்மையான மதிப்பு 66-க்கும் 76-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். அதற்கு மேல் துல்லியம் அந்தக் கருவியிடம் இல்லை. கருவி தன் தயக்கத்தைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. சட்டம்தான் கருவியைவிட உறுதியாக இருந்தது. ஹாலின் மரண தண்டனை 2016-ல் விலக்கப்பட்டது.

மனத்தை அளக்கும் கருவிகளைச் செய்கிறவர்களின் வேலையை அருகில் பார்த்தால் நமக்கு மரியாதைதான் வரும். கேள்விகளை எழுதுவார்கள், பிறரிடம் காட்டித் திருத்துவார்கள், சில நூறு பேரிடம் சோதித்து, மற்றக் கேள்விகளோடு ஒத்துப்போகாதவற்றைக் களைவார்கள், அதே ஆட்களிடம் சில வாரங்கள் கழித்துத் திரும்பக் கொடுத்து விடை நிலைக்கிறதா என்று பார்ப்பார்கள். இவையெல்லாம் நம்பகத்தன்மையைச் சேர்ந்தவை. ஏற்புடைமை என்பது இதைவிடக் கடினமானது: அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறோமா? 1955-ல் லீ கிரான்பாக்கும் பால் மீலும் எழுதிய கட்டுரை, இதை ஒரே சோதனையில் நிறுவிவிட முடியாது, பல திசைகளிலிருந்து சான்றுகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும் என்று காட்டியது. ஏற்புடைமை கருவிக்குள் உறையும் குணமல்ல, அதன் எண்ணை எதற்குச் சான்றாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பதே இன்று அத்துறையினர் பொதுவாக ஏற்கும் கருத்து. ஆகவே ‘ஏற்புடைமை நிறுவப்பட்ட அளவுகோல்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே நகர்வது, நகைக்கடை முத்திரையைப் பார்த்ததும் உரசிப் பார்க்காமல் வாங்குவதைப் போன்றது. ஆய்வேடுகளில் அந்த வரியைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. நுண்ணறிவுச் சோதனைகளில் சராசரி 100 என்பது கண்டுபிடிப்பு அல்ல, ஏற்பாடு. ஒரு மாதிரிக் கூட்டத்திடம் சோதித்து, அதன் நடுவை 100 என்று பெயரிட்டு, அதிலிருந்து இரு பக்கமும் பதினைந்து பதினைந்தாகப் படி கட்டுகிறார்கள். அப்படிக் கட்டும்போது நூற்றுக்கு இரண்டு பேர் 70-க்குக் கீழே விழுவார்கள். விழுந்தே ஆக வேண்டும். பல நாடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை மக்கள் இச்சோதனைகளில் மேம்பட்டு வந்ததை ஜேம்ஸ் ஃப்ளின் 1980-களில் எடுத்துக்காட்டினார். மேம்பட்டால் என்ன, கோலைப் புதுப்பிக்கும்போது நடு மறுபடி 100 ஆகிறது, பழைய கோலில் தப்பித்த சிலர் புதிய கோலில் கீழே போகிறார்கள். அந்த மனிதர்களிடம் எதுவும் மாறியிருக்காது.

இதற்கெல்லாம் தொடக்கமாக இருந்தவர் ஆல்ஃபிரட் பினே. பாரிஸ் பள்ளிகளில் பின்தங்கும் குழந்தைகளுக்குத் தனிக் கவனம் தரவேண்டி, எந்தக் குழந்தைக்கு அது தேவை என்று அறிய, தியோடர் சிமோனோடு சேர்ந்து 1905-ல் முப்பது கேள்விகள் கொண்ட ஒரு கோலைச் செய்தார். நீளத்தை அளப்பதைப் போல அறிவை அளக்க முடியாது என்று எழுதினார். குழந்தையின் அறிவு பிறப்பிலேயே முடிந்துபோன ஒன்று என்ற எண்ணத்தைக் கடுமையாக மறுத்தார். ஆயினும் அவருடைய 1908-ஆம் ஆண்டுக் கோலில், இரண்டிரண்டு முகப் படங்களைக் காட்டி எது அழகு என்று குழந்தையைக் கேட்கும் கேள்வி இருந்தது. எந்த முகம் அழகு என்பதில் பாரிஸுக்கு ஐயம் இருக்கவில்லை போலும். 1911-ல் பினே இறந்தார். அதற்கு முன்பே கோல் கப்பலேறிவிட்டது, அதோடு அவர் எழுதிய எச்சரிக்கைகள் ஏறவில்லை.

நியூஜெர்சியின் வைன்லாண்ட் என்ற ஊரில், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றின் ஆய்வுத் தலைவராக இருந்த ஹென்றி காடர்ட் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். எல்லிஸ் தீவில் கப்பலின் கடைசி வகுப்பில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேள்வி கேட்டு, யூதரோ இத்தாலியரோ ரஷ்யரோ எந்தக் குழுவிலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் அறிவு குன்றியவர்கள் என்ற முடிவை 1917-ல் அச்சிலேற்றினார். கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் 1916-ல் செய்த ஸ்டான்ஃபோர்டு-பினே, பின்னால் எல்லோருக்கும் முன்மாதிரியானது. அதன் 1937-ஆம் ஆண்டுப் பதிப்பில், ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இடையில் பெரிய வேறுபாடு காட்டிய கேள்விகளை நீக்கினார்கள். இரு பாலாருக்கும் அறிவு சமம், வேறுபாடு வந்தால் கேள்வியில்தான் கோளாறு என்று கொண்டார்கள். நல்ல முடிவுதான். பணக்காரர் பிள்ளைக்கும் கூலிக்காரர் பிள்ளைக்கும் வேறுபாடு வந்தபோது மட்டும் கேள்வியில் கோளாறு தேட அதே மனம் எழவில்லை. பெரும்பகுதி பிறப்பின் கொடை என்றே டெர்மன் கருதினார். எந்த வேறுபாட்டைப் பிழை என்று திருத்துவது, எந்த வேறுபாட்டை உண்மை என்று வெளியிடுவது என்பதைக் கணக்கு சொல்வதில்லை. கணக்கு தொடங்குவதற்கு முன்பே அது முடிவாகிவிடுகிறது.

அந்த வைன்லாண்ட் பெயர் நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும் புழங்குகிறது. அதே பயிற்சிப் பள்ளியில் எட்கர் டால் 1930-களில் உருவாக்கிய சமூக முதிர்ச்சி அளவுகோலை மாலின் என்பவர் நாக்பூரில் இந்தியாவுக்கு ஏற்ப மாற்றினார். அறிவுவளர்ச்சிக் குறைபாட்டுச் சான்றிதழுக்கு அது பயன்படுகிறது. குழந்தையிடம் கேட்பதைவிடப் பெற்றவளிடம்தான் அதிகம் கேட்கிறார்கள். தானாகச் சாப்பிடுகிறானா, தானாக உடுத்திக்கொள்கிறானா, பக்கத்துக் கடைக்குப் போய்ச் சொன்னதை வாங்கி வருகிறானா? மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 சதவீதம் என்பது பெரும்பாலான உரிமைகளுக்கு வாசற்படி. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டியில், இந்த அளவுகோலில் 55 முதல் 69 வரை இருந்தால் குறைபாடு 50 சதவீதம். 70 முதல் 84 வரை என்றால் 25 சதவீதம். 69-ல் நிற்கும் பிள்ளைக்கு வாசல் திறக்கும், 70-ல் நிற்கும் பிள்ளைக்குத் திறக்காது.

மகன் சட்டைப் பொத்தானைத் தானே போட வேண்டும் என்று வருடக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிய ஒருத்தி இந்தக் கேள்விக்கு என்ன விடை சொல்வாள்? வீட்டில், உறவினர் முன்னால், ‘எல்லாம் அவனே செஞ்சுக்குவான்’ என்று சொல்லி வந்தவள். அந்த வார்த்தைக்காகத்தான் அவள் உழைத்தாள். அதை இங்கே சொன்னால் எண் ஏறும், உதவி போகும். முன்னால் வந்து போனவர்கள் வெளித் திண்ணையில் வைத்து அவளுக்கு அறிவுரை சொல்லியிருப்பார்கள்: ‘ஒண்ணும் தெரியாதுன்னே சொல்லுங்கக்கா.’ இதைப் பொய் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. ஒரு புள்ளிக்கு இத்தனை பாரம் ஏற்றிவைத்தால், அந்தப் புள்ளியின் அருகில் நிற்பவர்கள் கூசிக் கூசித்தான் பேசுவார்கள். எதிரே அமர்ந்திருக்கும் உளவியலாளருக்கும் இது தெரியும். கதவுக்கு வெளியே நாள் முழுதுக்குமான வரிசை நிற்கிறது. சிலர் 70-ஐ 69 ஆக்கிவிடுவார்கள். அளவியலின்படி அது முறைகேடு. ஆனால் திட்டப்பிழையை உண்மையில் மதித்தவர்கள் அவர்கள்தானோ என்றும் தோன்றுகிறது. விதிப்படி நடந்தவரும் தன் வேலையைத்தான் செய்தார். யார் முன் உட்காரப் போகிறோம் என்பது மட்டும் அந்தத் தாயின் கையில் இல்லை.

எண் இல்லாமல் செய்துவிடலாமே என்று சொல்வதும் எளிதல்ல. எண் வருவதற்கு முன்பு, யார் பிள்ளைக்கு உதவி என்பதை ஊர்ப் பெரியவரின் முகதாட்சணியமும் அதிகாரியின் மனநிலையும் தீர்மானித்தன. கேட்பாரற்றவர்களுக்கு எண் ஒரு பிடி கொடுத்தது. பினே கோலைச் செய்ததும், ஆசிரியரின் அபிப்பிராயம் ஒன்றை மட்டும் நம்பிப் பிள்ளைகளை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான். கோடு எங்காவது போட்டாக வேண்டும் என்று நிர்வாகம் சொல்வதிலும் நியாயம் உண்டு. கோட்டருகே வருகிறவர்களை இன்னொரு முறை, வேறொரு கருவியால், வேறொருவர் பார்க்கட்டும் என்று வைப்பதற்கு ஆளும் நேரமும் செலவாகும். ஃப்ளோரிடாவும் ஏறத்தாழ இந்தச் சிக்கனத்தைத்தான் செய்தது.

நம் சான்றிதழ்ப் படிவத்தில் சதவீதத்தை எண்ணாலும் எழுத்தாலும் எழுதக் கட்டம் இருக்கிறது, பின்னால் யாரும் திருத்திவிடக் கூடாது என்பதற்காக. அந்த எண் எவ்வளவு முன்பின்னாக இருக்கக்கூடும் என்று எழுத இடமில்லை. கேட்கிறவர்களும் இல்லை. மருத்துவமனையை விட்டு வெளியே வருகிறவளிடம், வரிசையில் இருக்கும் அடுத்தவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ‘எவ்ளோ போட்டாங்க?’