ஒரு வரிக்கு இடம் இல்லையா?

எங்கள் கோயில் இசை வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மேடை நிகழ்ச்சி உண்டு. நாற்காலி அடுக்குவது, மைக் பார்ப்பது, சாப்பாடு பரிமாறுவது எல்லாம் இளைஞர் பிரிவின் வேலை. போஸ்டர் மட்டும் என் பொறுப்பு. கடையில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் நாங்கள் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் கையாலேயே அடிக்கிறோம். ஒரு தடவை ஃபிரேம் வாங்கிவிட்டால் பல வருடம் ஓடும். வகுப்புப் பிள்ளைகளும் கூடவே நின்று ஒரு தொழிலைப் பழகிக்கொள்வார்கள்.

இந்த வருடம் அந்தப் போஸ்டரில் ஒரு பெயர் விட்டுப்போனது. அதனால் எனக்குள் எழுந்த கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். மூன்று வாரத்தில் கிழித்துப் போடப்போகிற ஒரு தாளில் ஒருவருடைய பெயர் இல்லாமல் போனால், அது உண்மையிலேயே ஒரு தப்பா? "சேவைதானே, பேர் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா?

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையின்மேல் ஒளிபட்டால் இறுகும் பசையைத் தடவி, இருட்டில் காயவைப்போம். எழுத்தும் படமும் கறுப்பாக அச்சிட்ட கண்ணாடித் தாளை அதன்மேல் வைத்து விளக்கைப் போடுவோம். வெளிச்சம் பட்ட இடத்தில் பசை இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடத்தில் இளகியே இருக்கும். தண்ணீர் அடித்தால் கழன்று ஓடிவிடும். அந்தத் திறந்த வழியாகத்தான் ரப்பர் பட்டையால் மையை இழுக்கிறோம். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். இந்த முறை இரண்டு நிறம்: மஞ்சளில் ஒரு தம்புரா, அதன்மேல் அரக்குச் சிவப்பில் எழுத்து. மொத்தம் 50 தாள்.

நிகழ்ச்சிக் குழு எனக்குக் கொடுத்த பட்டியலில் ஒன்பது பாடகர்கள், ஒரு வயலின். அதற்குக் கீழே "மிருதங்கம்" என்று எழுதி, பக்கத்தில் காலியாக விட்டிருந்தார்கள். வாசிக்கப்போவது யார் என்று அப்போது முடிவாகவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு நாள் இருந்தது. நான் கேட்கவில்லை. காலியாக இருந்த அந்த வரியை அழித்துப் பார்த்தேன். தம்புராவின் குடத்துக்குக் கீழே நல்ல வெற்றிடம் கிடைத்தது, போஸ்டரே மூச்சுவிட்ட மாதிரி இருந்தது. அப்படியே ஸ்கிரீன் எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை மாலை அச்சடித்தோம். ஒத்திகைக்கு வந்திருந்த ஒரு தம்பி கொடியில் தாள்களைத் தொங்கவிட உதவி செய்தான். மூன்றாம் படிவம் படிக்கிறான். தூரத்திலிருந்து பேருந்தில் வருகிறவன். "ஒண்ணு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா அண்ணே? அம்மாக்கிட்ட காட்டணும்" என்றான். "எடுத்துக்கோ தம்பி" என்றேன். அவன் ஒரு போஸ்டரைக் கையில் எடுத்து மேலிருந்து கீழே வாசித்தான். திரும்ப ஒரு தடவை வாசித்தான். பிறகு அதைப் பழையபடி கொடியில் மாட்டிவிட்டு, "காயட்டும் அண்ணே, அப்புறமா எடுத்துக்கிறேன்" என்றான். போகும்போது எடுத்துக்கொண்டு போகவில்லை.

மிருதங்கம் வாசிக்கப்போவது அவன்தான் என்று எனக்கு அன்று இரவுதான் தெரிந்தது.

மறுநாள் கூட்டத்தில் இதைச் சொன்னேன். அதற்குள் 12 போஸ்டர்கள் தெங்கு கெலானா சாலைக் கடைகளுக்கும் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் போய்விட்டன. "நிகழ்ச்சி அன்னைக்கு மேடையில பேரைச் சொல்லிடலாம்லா" என்றார் ஒருவர். இன்னொரு நண்பர், நல்லவர், கீதை வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறவர், அமைதியாகச் சொன்னார்: "கலைஞனுக்குப் பேர் ஆசை வரக்கூடாது. பலனை எதிர்பார்க்காம கடமையைச் செய்யணும். அந்தத் தம்பிக்கும் இது ஒரு பாடமா இருக்கட்டும்."

உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. என் தப்பு ஒரு நொடியில் அவனுக்கான ஆன்மிகப் பயிற்சியாக மாறிவிட்டதே! அந்த நிம்மதியோடு மேசையில் கிடந்த போஸ்டரைப் பார்த்தேன். வலது மூலையில், சின்ன எழுத்தில், "வடிவமைப்பு, அச்சு" என்று போட்டு என் பெயர். யாரும் கேட்காமலே அதற்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு மணி நேரம் வாசிக்கப்போகிறவனுக்குத்தான் இடம் இல்லை.

அந்த நண்பர் சொன்ன கருத்து நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் 47-ஆவது சுலோகம். செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் அல்ல என்பது அதன் சாரம். ஆனால் கண்ணன் அதை யாரிடம் சொல்கிறான்? செயலைச் செய்யப்போகிற அர்ச்சுனனிடம். உன் மனத்தை நீ எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான உபதேசம் அது. அடுத்தவனுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் இருப்பதற்கு அதில் அனுமதி எதுவும் கிடையாது. அதே கீதை மூன்றாம் அத்தியாயத்தில், பிறர் தந்ததை அனுபவித்துவிட்டுத் திருப்பிச் செலுத்தாதவனைப் பற்றிப் பேசும்போது திருடன் என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. அங்கே பேச்சு தேவர்களுக்குரிய பங்கைப் பற்றியது. ஆனாலும் வாங்கிக்கொண்டால் திருப்பித் தர வேண்டும் என்ற நியாயம் மனிதர்களுக்கும் பொருந்தும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பற்றில்லாமல் இருப்பது ஒரு விரதம். எனக்காக நான் விரதம் இருக்கலாம். என் தட்டில் இருக்கும் சோற்றை நான் வேண்டாம் என்று சொன்னால் அது விரதம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தட்டை நான் எடுத்து வைத்துவிட்டு, "இன்னைக்கு உனக்கு விரதம்" என்று சொன்னால் அதற்குப் பெயர் வேறு. நம் இளைஞர் இயக்கங்களில் இது எத்தனை முறை நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வேலை வாங்கும்போது "சேவை" என்போம். நன்றி சொல்ல வேண்டிய நேரத்திலும் "சேவைதானே" என்போம். முதல் தடவை அது ஓர் அழைப்பு. இரண்டாவது தடவை அது ஒரு சாக்கு.

பெயர் விரும்புவதே தப்பு என்றும் நம் மரபு சொல்லவில்லை. தேவாரம் படித்தவர்களுக்குத் தெரியும், சம்பந்தர் தம் பதிகங்களின் நிறைவுப் பாட்டில் தம் பெயரை வைப்பார். அதைத் திருக்கடைக்காப்பு என்கிறோம். தியாகராஜரும் தம் கீர்த்தனைகளில் தம் பெயரையே முத்திரையாக வைத்தார். இறைவனுக்கு முன்னால் "இதைப் பாடுபவன் நான்" என்று சொல்வதை அவர்கள் அகங்காரமாக நினைக்கவில்லை. சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்பதாக நினைத்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

இன்னொரு சான்றும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதைக் கட்டிய முதலாம் ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 ஆடல் பெண்களை அங்கே கொண்டுவந்து குடியமர்த்தினான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று அவர்களைச் சொல்வார்கள். அந்த 400 பேரையும் "நடன மணிகள் பலர்" என்று ஒரே வரியில் முடிக்காமல், ஒவ்வொருவர் பெயரையும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவனார்கள், பாடுவோர், வீணை, உடுக்கை, மத்தளம் வாசிப்போர் ஆகியோருக்கும் அதே கல்வெட்டில் இடம் இருக்கிறது.

அந்தக் கல்வெட்டு புகழ்ச்சிப் பட்டியல் இல்லை. யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்ற கணக்கு அது. எனக்கு இதில்தான் விஷயம் புரிந்தது. ஒருவர் பெயரைப் போடுவது அவருக்கு நாம் சூட்டும் மாலை என்று நினைத்தால், "மாலை வேண்டாமே, அடக்கமாக இருக்கட்டுமே" என்று சொல்லத் தோன்றும். அது அவருடைய பங்கு என்று நினைத்தால், அதைக் கொடுக்காமல் இருப்பது கடன். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் மத்தளம் வாசித்தவருக்குக் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நான் காகிதத்தில் ஒரு வரியை அழித்தேன், அதுவும் அழகுக்காக.

கூட்டத்தில் ஒரு தங்கச்சி நியாயமான கேள்வி ஒன்று கேட்டாள். "அப்படின்னா வெங்காயம் நறுக்கறவங்க, மண்டபம் கூட்டுறவங்க பேரெல்லாம் போஸ்டர்ல போடணுமா அண்ணே?" போட முடியாது. போடவும் வேண்டியதில்லை. போஸ்டர் என்பது எல்லாருடைய புண்ணியக் கணக்கும் இல்லை. "இந்த நாளில், இந்த இடத்தில், இவர்களைக் கேட்கலாம், வாருங்கள்" என்று ஊருக்குக் கொடுக்கும் வாக்கு. அதனால் மேடையில் யாருடைய இசையைக் கேட்கப்போகிறோமோ அவர்கள் பெயர் அத்தனையும் அதில் இருக்க வேண்டும். சமையல்கட்டில் நின்றவர்களுக்குச் சேர வேண்டியது வேறு: மேடையில் பெயர் சொல்லி நன்றி, பந்தியில் அவர்களுக்கு முதலில் இலை. எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுப்பது நீதி இல்லை. அவரவருக்கு உரியது எது என்று கேட்டுக் கொடுப்பதுதான் நீதி. என் பெயரும் போஸ்டரில் வர வேண்டியதில்லை என்பது இந்தக் கணக்கில் தானாகவே தெரிந்துவிட்டது.

கோயில் பணத்தில் புதிதாக 50 தாள் வாங்கவும் எனக்கு மனம் இல்லை. என் கவனக்குறைவுக்கு உபயதாரர்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஒரு பழைய சின்ன ஃபிரேம் இருந்தது. அதில் "மிருதங்கம்" என்ற சொல்லும் அந்தத் தம்பியின் பெயரும் மட்டும் ஒரு வரியாக எடுத்து, தம்புராவுக்குக் கீழே நான் பெருமையாக விட்டிருந்த வெற்றிடத்திலேயே அடிப்பது என்று முடிவானது.

அதிலும் ஒரு பாடம். எழுத்து சின்னதாக இருந்ததால் முதல் ஸ்கிரீனில் புள்ளிகள் விழவில்லை. விளக்கை நான் அதிக நேரம் போட்டுவிட்டேன். வெளிச்சம் ஓரமாகப் புகுந்து புள்ளி இருக்க வேண்டிய இடத்தையும் இறுக்கிவிட்டது. தமிழில் ஒரு புள்ளி போனால் மெய் உயிர்மெய் ஆகிவிடும், பெயரே மாறிவிடும். கூட இருந்தவர்கள், "யாரு உத்துப் பார்க்கப் போறா?" என்றார்கள். ஏற்கெனவே ஒரு தடவை அப்படி நினைத்ததன் விளைவுதான் இந்த ராத்திரி வேலை. பசையைக் கழுவிவிட்டு, நேரத்தைக் குறைத்து இரண்டாவது ஸ்கிரீன் எடுத்தேன். புள்ளிகள் விழுந்தன. கையில் இருந்த 38 தாளையும் ஒவ்வொன்றாக வைத்து அடித்து முடிக்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

கடைகளுக்குப் போன 12-ஐத் திரும்ப வாங்கி மாற்றினேன். "என்னா தம்பி, மறுபடியும் வந்துட்டீங்க?" என்றார் ஒரு கடைக்கார அண்ணன். "ஒரு பேர் விட்டுப்போச்சு அண்ணே." "ஒரு பேருக்காகவா?" என்று சிரித்துவிட்டு, அவரே டேப் ஒட்டிக் கொடுத்தார். 11 கிடைத்தது. ஒன்று கிடைக்கவில்லை, யாரோ எடுத்துப்போட்டுவிட்டார்கள். அந்த ஒரு தாளை இனி என்னால் திருத்த முடியாது.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல அண்ணே" என்றான். அவன் அப்படிச் சொன்னது அவனுடைய பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையை நம்பி நான் சும்மா இருந்திருக்கக் கூடாது. இந்தத் தடவை ஒரு போஸ்டரைச் சுருட்டி ரப்பர் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

நண்பர்களே, அடுத்த நிகழ்ச்சிக்கு நீங்கள் போஸ்டரோ, அழைப்பிதழோ, ஆண்டறிக்கையோ தயார் செய்யும்போது "மற்றும் குழுவினர்" என்று எழுதக் கை போனால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அந்தக் குழுவில் யார் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் எழுந்துபோய்க் கேளுங்கள். எனக்கு நான்கு நாள் இருந்தும் நான் கேட்கவில்லை. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.