திரும்பி வருவேன் என்பது வாய்மையா?

ஹைதராபாத்துக்கு வெளியே, உஸ்மான் சாகர் ஏரிப் பக்கம் இருக்கும் சில்கூர் பாலாஜிக்கு 'விசா பாலாஜி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. விசா கேட்டு வேண்டிக்கொள்ளும்போது 11 சுற்று, பலித்த பிறகு வந்து 108 சுற்று. எண்ணிக்கை தவறாமலிருக்க, சிறு அட்டையில் ஒவ்வொரு கட்டமாகக் குறித்துக்கொண்டே பிள்ளைகள் பிராகாரத்தில் வேகநடை போடுகிறார்கள். அப்படிச் சுற்றும் மாணவர் அமெரிக்காவுக்குப் போகிறவர் என்றால், சில நாள் இடைவெளியில் இரண்டு வாக்குகள் கொடுக்கிறார். பெருமாளிடம், "கிடைத்தால் வந்து சுற்றுகிறேன்." தூதரகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம், "படித்து முடித்ததும் ஊர் திரும்பிவிடுவேன்." முதல் வாக்கில் ஒரு 'ஆல்' இருக்கிறது, நடந்தால் செய்வேன் என்ற நேர்மையான பேரம் அது. இரண்டாவதில் எந்த 'ஆல்'-க்கும் இடமில்லை. அந்த இரண்டாவது வாக்கு மெய்யா பொய்யா என்பது கேட்பதற்கு எளிதான கேள்வி. விடை அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை.

சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1952ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டப்படி, எஃப்-1 விசா கேட்கும் மாணவருக்குத் தன் நாட்டில் ஓர் இருப்பிடம் இருக்க வேண்டும்; அதைக் கைவிடும் எண்ணம் இருக்கக் கூடாது. அதே சட்டத்தின் 214(பி) பிரிவு இன்னும் கடுமையானது. வருகிறவர் அங்கேயே தங்கிவிட வருபவர் என்றுதான் முதலில் கொள்ளப்படும். அப்படியில்லை என்று அதிகாரிக்கு நிறைவு தரும்படி காட்டுவது அவர் பொறுப்பு. திருட்டு வழக்கில் கூண்டில் நிற்பவருக்குக்கூட நிரபராதி என்ற அனுமானம் உண்டு. இங்கே அது தலைகீழ். விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், கையில் கல்லூரி அனுப்பிய ஐ-20 படிவம், அதன்பின் சில நிமிடப் பேச்சு. ரிஜெக்ட் ஆனால் மேல்முறையீடு கிடையாது. மறுபடி பணம் கட்டி மறுபடி ஸ்லாட் பிடிக்க வேண்டும். இத்தனை பணமும் பதற்றமும் ஒரே ஒரு வாக்கியத்தின் மேல் ஏறி உட்காரும்போது, அந்த வாக்கியத்தைப் பயிற்றுவிக்க ஒரு தொழில் முளைக்காமல் இருக்குமா? கன்சல்டன்சிகளின் மாக் இன்டர்வியூவில் அப்பா பெயரில் இருக்கும் வீடு, ஊரில் தொடங்கப்போகும் கம்பெனி, வயதான தாத்தா பாட்டி எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறார்கள்.

எதிர்காலத்தைப் பற்றிய பேச்சில் இரு வகை உண்டு. தத்துவ அறிஞர் எலிசபெத் ஆன்ஸ்கோம்ப் 1957இல் வெளியிட்ட எண்ணம் பற்றிய சிறு நூலில் இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகிறார். 'எனக்கு வாந்தி வரப்போகிறது' என்பது கணிப்பு. 'நடக்கப் போகிறேன்' என்பது எண்ணத்தின் வெளிப்பாடு. மழை வந்து நடை நின்றுபோனால், போகிறேன் என்று சொன்னவர் பொய்யர் ஆவதில்லை. அந்த நேரத்து எண்ணத்தை அவர் சரியாகத்தான் சொன்னார். பழைய கிறித்தவச் சிந்தனையாளர் அகஸ்டினும் பொய்யைச் சொல்லுக்கும் உலகுக்கும் இடையில் தேடவில்லை, சொல்லுக்கும் நெஞ்சுக்கும் இடையில் தேடினார்: உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைப் பேசும் இரட்டை நெஞ்சம்தான் அவருக்குப் பொய். உள்ளத்துக்கு உண்மை, வாய்க்கு வாய்மை, மெய்க்கு மெய்மை என்று நம்மிடம் வழங்கும் விளக்கமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் கையேடும் தன் அதிகாரிகளை, மாணவரின் இப்போதைய எண்ணத்தைப் பார்க்கச் சொல்கிறது. பின்னால் மனம் மாறலாம் என்பதை வைத்து மறுக்கச் சொல்லவில்லை. ஆக, திரும்பும் எண்ணத்தோடு போய்த் திரும்பாமல் போனவர் பொய் சொன்னவர் அல்லர். தங்கிவிடுவதென்று முன்பே முடிவு கட்டிக்கொண்டு 'திரும்புவேன்' என்றவர் பொய்யர்தான். அவருக்கு வக்காலத்து வாங்க எதுவும் இல்லை.

சிக்கல் இந்த இருவருக்கும் நடுவில் நிற்பவரிடம் இருக்கிறது. வரிசையில் மிகுதியாக நிற்பவர் அவராகத்தான் இருப்பார். 22 வயது. எங்கே வேலை கிடைக்கும், யாரைக் கட்டிக்கொள்வோம், அம்மாவின் முழங்கால் எத்தனை வருடம் தாங்கும் என்று எதுவும் தெரியாது. வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் 1930இல் 19 வயதில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். 1937இல் சிகாகோ, 1953இல் அமெரிக்கக் குடியுரிமை. அவர் புறப்பட்ட நாளில் அவருடைய 1953 அவருக்கே தெரிந்திருக்க வழியில்லை. முடிவெடுக்காத மனத்தின் வாய்மையான பதில் 'தெரியாது' என்பதே. ஆனால், மெய்ப்பிக்கும் பொறுப்பு யார் தலையில் இருக்கிறதோ, அவர் 'தெரியாது' என்றால் தோற்றார். எனவே அங்கே சொல்லப்படும் பொய், 'திரும்புவேன்' என்பதல்ல, 'முடிவெடுத்துவிட்டேன்' என்பதுதான். இல்லாத உறுதியை இருப்பதாகக் காட்டுவது அது. யாரிடமும் இருக்க முடியாத ஒன்றைக் கட்டாயமாகக் கேட்பவருக்கும் அந்தப் பொய்யில் பங்குண்டு என்பதே என் வாதம்.

ஒரு நாடு தன் வாசலில் யாரை விடுவது என்று தீர்மானிக்கக் கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகத் தீர்மானிக்கலாம். காலக்கெடு வைக்கலாம், மீறினால் வெளியேற்றலாம், கட்டணத்தை ஏற்றலாம். அவையெல்லாம் செயலைக் கட்டுவன. மனத்துக்குள் கையை நுழைப்பது வேறு வேலை. ஆஸ்திரேலியா 2024 மார்ச் 23 முதல், 'உண்மையாகவே தற்காலிகமாக வருபவரா' என்ற சோதனையை எடுத்துவிட்டு, 'உண்மையான மாணவரா' என்று கேட்கத் தொடங்கியது. அதனால் கதவு அகலத் திறந்துவிடவில்லை. அதே ஆண்டு ஜூலையில் விண்ணப்பக் கட்டணம் 710 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 1,600 ஆனது! கனடாவின் சட்டமோ, நிரந்தரமாகக் குடியேறும் விருப்பம் இருப்பது மட்டுமே தற்காலிகமாக வருவதற்குத் தடையில்லை என்று எழுதிவைத்திருக்கிறது. அனுமதித்த காலம் முடிந்தால் வெளியேறுவார் என்று அதிகாரி நம்பினால் போதும்.

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வரும். குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்க்கும் வாய்மையின் இடம் உண்டு என்று வள்ளுவர் இடம் கொடுக்கவில்லையா? பையன் படிக்கிறான், குடும்பம் நிமிர்கிறது, யாருக்கு என்ன நட்டம்? நட்டம் அடுத்து நிற்பவருக்கு. நூறு வாயில் ஒரே வாக்கியத்தைக் கேட்டுக் காது புளித்த அதிகாரியின் முன்னால், மெய்யாகவே திரும்பி வந்து தன் ஊரில் மருந்துக்கடை வைக்க நினைக்கும் பெண் அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். அவள் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போனதற்கு முன்னே சொன்னவர்கள் காரணம். குற்றமில்லாத நன்மை என்ற நிபந்தனை இங்கே நிறைவேறவில்லை. 'எல்லாரும் சொல்வதுதான், அதிகாரிக்கும் தெரியும், வெறும் சடங்கு' என்பதும் நிற்காது. சடங்கில் யாரும் ரிஜெக்ட் ஆவதில்லை.

வருகிறவர் தங்கிவிட வருபவர்தான் என்ற 214(பி) அனுமானத்தைக் கைவிட முடியாது என்று வாதிடுவோருக்கு அமெரிக்கச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. படிப்பு முடிந்தபின் 12 மாதம் வேலைப் பயிற்சிக்கு மாணவரை அனுமதிப்பது அதுதான். அறிவியல், பொறியியல் படித்தவருக்கு மேலும் 24 மாதம். அதற்குள் ஏதாவது கம்பெனி ஹெச்-1பி வேலை விசா எடுத்துக் கொடுத்துவிட்டால், 1990ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி அந்த விசாவுக்கு 214(பி) அனுமானம் பொருந்தாது. அடுத்த விடுமுறையில் ஊருக்கு வருபவர், விசா முத்திரைக்காக அதே தூதரகத்துக்குப் போகிறார். அதே கண்ணாடி, அதே ஆள். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்று அவர் உரக்கவே சொல்லலாம். அதற்காக யாரும் அவர் பாஸ்போர்ட்டைத் திருப்பி நீட்டப் போவதில்லை.