அரம் பிடித்த கை

காலையில் திருநெல்வேலி வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கும் தொழிற்பயிற்சி நிலைய (ஐடிஐ) பிள்ளைகள், படித்து முடித்து வேலைக்குப் போகும் இடத்தில் தொடப்போவது படிக்கும்போது தொட்ட இயந்திரமாக இருக்காது. அப்படியானால் எதைக் கற்பிப்பது?

பேட்டை ஐடிஐ ஆகட்டும், வேறு எந்த ஐடிஐ ஆகட்டும், ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவர் தொடக்கத்தில் பழகுவது இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சமமாக்குவது. மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். இடுக்கில் ஒரு கீற்று ஒளி தெரிந்தாலும் மறுபடி ராவ வேண்டும். கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம் அந்த வேலையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். ஆனால் முடித்தது சரியா என்று சொல்லும் கண், அரத்தோடு மல்லுக்கட்டிய நாட்களில்தான் திறக்கிறது.

கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் இன்று சூரிய மின்தகடுகள் தயாராகின்றன. நாளை வேறொன்று வரலாம். ஒரே வேலைக்கென்று பழக்கிய பிள்ளை அந்த வேலை போனால் திகைத்து நிற்பாள். அளக்கவும், பிழையைத் திருத்தவும், தெரியாததைக் கூசாமல் கேட்கவும் பழகியவள் புதியதைச் சீக்கிரமே பிடித்துக்கொள்வாள்.

2023 முதல் தமிழ்நாட்டின் அரசு ஐடிஐக்கள் பலவற்றில், டாடா டெக்னாலஜிஸ் துணையோடு புதுவகை இயந்திரங்களோடு ‘தொழில் 4.0’ மையங்கள் வந்திருக்கின்றன. மிக நல்லது. அந்த அக்கறையில் பாதியாவது பயிற்றுநர்களுக்கும் கிடைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை அவர்களையும் ஆலைக்கு அனுப்பி, சில வாரங்கள் மாணவராக இருக்கவிட வேண்டும்.