நார்லிகர் மறைத்த பெயர்

ஆய்வுக் கட்டுரையைச் சுருக்கினால் பத்திரிகைக் கட்டுரை ஆகிவிடும் என்று மும்பையின் அணுசக்தி நகரிலும் மாட்டுங்கா கல்லூரிகளிலும் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஆய்விதழைப் படிப்பவர் நம்மைச் சோதிக்க வருகிறவர். எந்தக் கருவி, எத்தனை மாதிரி, பிழை எவ்வளவு என்று துருவுவார். அதே துறைக்காரர் என்பதால் எப்படி எழுதினாலும் படித்தே தீருவார். செம்பூரில் லோக்கல் ஏறிப் பத்திரிகையைப் பிரிப்பவருக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. சலித்தால் குர்லா வருவதற்குள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

மாகுல் பக்கத்துக் காற்றைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட காற்றியக்க விட்டமுடைய துகள்களின் செறிவு" என்பது ஆய்விதழுக்குச் சரியான வாசகம், ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. பத்திரிகையில் அதையே இப்படிச் சொல்லலாம்: ஒரு தலைமுடியின் குறுக்கே இருபதை அடுக்கலாம், அவ்வளவு பொடி, மூக்கிலோ தொண்டையிலோ சிக்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும். ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனமோ 2021இல் 5 போதும் என்று சொல்லிவிட்டது. இந்த இரண்டு எண்களே வாசகரை உலுக்கிவிடும். மீதி அட்டவணைகள் ஆய்விதழிலேயே இருக்கட்டும்.

எளிமையாக எழுதினால் மதிப்புப் போய்விடும் என்ற பயம் வேறு. வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர் 1972இல் கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தபோதே, பிரிட்டிஷ் வானியலாளர் ஃப்ரெட் ஹாய்லுடன் சேர்ந்து வகுத்த ஈர்ப்புக் கோட்பாட்டால் பெயர்பெற்றவர். 1974இல் மராத்தி விஞ்ஞான பரிஷத் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டிக்கு அவரும் ஒரு கதை அனுப்பினார். தன் தலைப்பெழுத்துகளைத் திருப்பிப் போட்டு, நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற பெயரில். ஆளைப் பார்த்துப் பரிசு கொடுத்துவிடக் கூடாதே! பரிசு கதைக்கே கிடைத்தது. பிறகு கதையும் கட்டுரையுமாக மராத்தியில் நிறைய எழுதினார். அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றதற்காக 1996இல் யுனெஸ்கோவின் கலிங்கா பரிசும் வந்தது. அவருடைய ஆய்வுக்கு இதனால் ஒரு குறையும் நேரவில்லை.

பத்திரிகைக்காரர்கள் சிறு தொகையாவது சன்மானம் அனுப்புவார்கள். சில ஆய்விதழ்களோ அச்சிட நம்மிடமே கட்டணம் கேட்கின்றன. அதற்காக அவசரப்பட்டுப் புதிய முடிவுகளை முதலில் பத்திரிகைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே வெளிவந்ததைப் பல ஆய்விதழ்கள் தொடவே மாட்டா.