புறங்கூறாச் சபை

ஒரு திருச்சபையில் நன்னம்பிக்கையும் மனமகிழ்ச்சியும் நிலவ வேண்டுமாயின், அங்கே எதனைப் பேசுதல் தகும்? எதனைப் பேசுதல் தகாது? குறைகளை மறைத்து முகமலர்ச்சியுடன் இருத்தலே நம்பிக்கை என்று எண்ணுவோர் உளர். குறைகளை ஓயாமல் எடுத்துரைப்பதே உண்மைக்குச் செய்யும் தொண்டு என்று எண்ணுவோரும் உளர். எதிரெதிர் நிற்பவர்களாகத் தோன்றும் இவ்விரு சாராராலும் சபைகள் நலிவுற்றதுண்டு.

பவுல் அடிகள் பிலிப்பி நகரத்துச் சபைக்கு எழுதிய மடல் நான்கே அதிகாரங்களைக் கொண்டது. சிறையிலிருந்து எழுதப்பட்டது. எனினும், மகிழ்ச்சியைப் பற்றிய பேச்சு அதில் மீண்டும் மீண்டும் எழுகிறது. அதே மடலின் இறுதி அதிகாரத்தில், எயோதியாள், சிந்திகேயாள் என்னும் இரு பெண்மணிகளைப் பெயர் சுட்டி, ஒருமனப்படுமாறு அவர் வேண்டுகிறார். இத்தகைய மடல்கள் சபையார் கூடியிருக்கையில் உரக்கப் படிக்கப்பட்டவை. எனவே, அவ்விருவரும் அங்கேயே அமர்ந்து தத்தம் பெயரைக் கேட்டிருக்கக் கூடும். நற்செய்திப் பணியில் அவர்கள் பட்ட பாடும் உடனே அடுத்த வரியில் போற்றப்படுகிறது. பிணக்கு மூடி மறைக்கப்படவில்லை; அவர்கள் அறியாமல் பேசப்படவும் இல்லை.

இந்நெறியைத் தம் காலத்தில் நடைமுறையில் வைத்துப் பார்த்தவர் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர். 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தபின், அவ்வாட்சியின் தலையீட்டை ஏற்க மறுத்த கிறித்தவர்கள் தனித்து நின்று, வருங்காலப் போதகர்களுக்குத் தாங்களே பயிற்சியளிக்க முற்பட்டனர். 1935ஆம் ஆண்டு பால்டிக் கடற்கரையில் தொடங்கப்பெற்ற அத்தகைய பயிற்சிக் கல்லூரி ஒன்று, சில வாரங்களில் ஸ்டெட்டின் நகருக்கு அருகிலுள்ள பின்கன்வால்டேக்கு மாறியது. அதன் தலைவராகப் பொறுப்பேற்றபோது போன்ஹோபருக்கு அகவை இருபத்தொன்பது.

அவர் அங்கே விதித்த விதி ஒன்றுண்டு. உடன் பயிலும் ஒருவரைப் பற்றி, அவர் இல்லாத இடத்தில் எவரும் பேசலாகாது. தவறிப் பேசிவிட்டால், பேசியதை அவரிடமே சென்று சொல்லிவிட வேண்டும். திருக்குறளில் புறங்கூறாமை என்னும் அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்விதியின் முற்பகுதி புதியதன்று. பிற்பகுதிதான் கடினமானது. மூன்றாமவரைப் பற்றி இருவர் பேசும்போது, நாளை நாமும் இவ்வாறே பேசப்படுவோம் என்பதை இருவருமே உள்ளூர உணர்கின்றனர். அவ்வுணர்வு பரவிய சபையில் எவரும் மனந்திறந்து தம் துன்பத்தைச் சொல்லார். புதிய பணி எதற்கும் துணிந்து முன்வாரார். அங்கே பீடத்திலிருந்து எத்துணை ஊக்கமான சொற்பொழிவு ஆற்றினும் பயன் சிறிதே. (ஆசிரியர் அறைகளும் இதற்கு விலக்கல்ல.)

விதி பன்முறை மீறப்பட்டது. அங்குப் பயின்றவரும், பின்னர்ப் போன்ஹோபரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவருமான எபர்ஹார்டு பெத்கே, விதியில் தவறியதாலும் மீண்டும் உறுதி பூண்டதாலும் கற்றது, மறையுரைகளால் கற்றதற்கு ஏறத்தாழ நிகரானது என்று பதிவு செய்துள்ளார். தொடக்க நாள்களில் ஒருமுறை சமையலறைக்கு உதவி தேவைப்பட்டது; எவரும் எழவில்லை. போன்ஹோபர் வாய் பேசாது தாமே எழுந்து சென்று, பின்னர் ஓடிவந்தவர்களை உள்ளே விடாமல் வேலையை முடித்தாராம். கடிந்துரை ஏதும் தேவைப்படவில்லை.

இவ்விதி தீயவர்க்கு அரணாகிவிடாதா என்னும் வினா எழுவது இயல்பே. காணிக்கைப் பணத்தில் கை வைப்பவரைப் பற்றி எவரும் பேசலாகாதெனில், சபையின் கதி என்னாவது? இங்கு வேறுபாடு ஒன்றை உணர்தல் வேண்டும். தவறிழைத்தவரிடம் நேரில் உரைப்பதை இவ்விதி தடுக்கவில்லை, தூண்டவே செய்கிறது. வலியவரால் தீங்குற்ற எளியவர், குறிப்பாகக் குழந்தைகள், அவரை நேரில் எதிர்கொள்ள இயலாது. அவர்கள் பொறுப்புடையோரிடம் முறையிடுவது புறங்கூறலாகாது. சபையின் நற்பெயரைக் காக்கவேண்டி அம்முறையீட்டை அடக்குவோரே நம்பிக்கையின் வேரை அறுப்பவர். வீண்பேச்சு, கேட்பவரின் பொழுதைப் போக்குவது. முறையீடு, தீர்வை நாடுவது.

1942ஆம் ஆண்டின் இறுதியில் தம் நெருங்கிய நண்பர்களுக்கு எழுதிய கட்டுரையொன்றில், நன்னம்பிக்கை என்பது நிகழ்காலத்தைப் பற்றிய கணிப்பன்று, அஃது ஓர் உயிராற்றல் என்ற கருத்தைப் போன்ஹோபர் முன்வைத்தார். பிறர் கைவிட்ட பின்னும் எதிர்காலத்தைப் பகைவனுக்கு விட்டுக்கொடுக்காத ஆற்றலை அவர் கருதினார். அவர் அதனை எழுதிய வேளையில் நிலைமை நம்பிக்கைக்கு இடந்தருவதாக இல்லை. பின்கன்வால்டே கல்லூரியை இரகசியக் காவல்துறை 1937லேயே மூடிவிட்டிருந்தது. மாணவர் பலர் போர்முனையில் மாண்டனர். எஞ்சியோர்க்கு அவர் சுற்றுமடல்கள் அனுப்பி வந்தார்.

அவற்றுள் 1942 நவம்பர் இறுதியில் எழுதப்பட்ட மடல் மகிழ்ச்சியைப் பற்றியது. மகிழ்ச்சிக்கு அழைக்கும் அம்மடலின் தலைப்பில், அண்மையில் மாண்ட தோழர்களின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாக எழுதினார். அதன் பின்னரே மகிழ்ச்சியைப் பற்றிய பேச்சைத் தொடங்கினார்.