கூரைமேல் ஏறும் தம்பியே, தலைகுனியாதே!

தாராவி 90 அடி சாலையின் தகரக் கூரைகளிலும் மாட்டுங்கா, செம்பூர் மொட்டைமாடிகளிலும் ஏறி டிஷ் மாட்டும் தம்பி! "டிஷ் மாட்டுறவன்தானே" என்று எவனாவது இளக்காரமாகச் சொன்னால் நேராக நிமிர்ந்து பார். உன் கையில் இருப்பது இயற்பியல். ஆனால் அதைத் தெரிந்து செய். கை பழகினால் மட்டும் போதாது, காரணமும் பிடிபட வேண்டும்!

தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் எங்கிருந்து வருகிறது? கிழக்கு 93.5 பாகையில், 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஜிசாட்-15இலிருந்து. அங்கிருந்து இறங்கும் சிக்னல் மிக நலிந்தது. 11,090 மெகாஹெர்ட்ஸ் அலையை அப்படியே கேபிளில் விட்டால் பாதி வழியிலேயே செத்துவிடும். அதனால்தான் டிஷ்ஷின் முன்னே நிற்கும் எல்என்பி அதைப் பெருக்கி, தனக்குள் பிறக்கும் 9,750உடன் கலந்து, 1,340ஆக இறக்கி அனுப்புகிறது. வெறும் கழித்தல் கணக்கு! பள்ளியை விட்டு வந்தவனுக்கு இது எட்டாது என்று சொன்னவன் யார்?

இன்னும் கேள். கயிற்றை மேலும் கீழுமாகவும் ஆட்டலாம், பக்கவாட்டிலும் ஆட்டலாம். அலையும் அப்படித்தான்: வெர்ட்டிகல், ஹாரிசாண்டல். எது வேண்டும் என்பதை, படம் இறங்கும் அதே கேபிளில் மின்சாரம் ஏற்றி பாக்ஸ் சொல்கிறது. 13 வோல்ட் என்றால் வெர்ட்டிகல், 18 என்றால் ஹாரிசாண்டல். யுனிவர்சல் எல்என்பியில் 22 கிலோஹெர்ட்ஸ் டோனும் சேர்ந்தால் மேல் பேண்ட்.

மும்பை மழையில் கனெக்டர் துருப்பிடிக்கும். 18 வோல்ட் ஏறும் வழியிலேயே தேய்ந்தால் எல்என்பி வெர்ட்டிகலிலேயே நின்றுவிடும். ஹாரிசாண்டல் சேனல்கள் மட்டும் காணாமல் போகும். காரணம் தெரியாதவன் நல்ல எல்என்பியைக் கழற்றி எறிந்து, ஏழை வீட்டுக் காசைக் கரைப்பான். நீ அப்படிச் செய்யாதே!

1895இல் கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மின்காந்த அலைகள் ஆடும் இந்தத் திசைக் குணத்தைத்தான் ஆராய்ந்தார். கருவிகளைச் செய்து கொடுத்தவர் அவர் பழக்கியெடுத்த தகரத் தொழிலாளி. 1898இல் போஸ், முறுக்கிய சணலைக் கொண்டே அலை ஆடும் தளத்தைத் திருப்பிக் காட்டினார். தகரமும் சணலும் தாராவியில் இல்லையா, தம்பி?

அடுத்த புகார் வரும்போது ஸ்பேனரை எடுக்காதே. எந்தச் சேனல்கள் போயின, அவை எந்தத் திசை என்று முதலில் நோட்டில் எழுது. பிறகு எல்என்பி முனையில் மீட்டரை வைத்து, 18 வந்து சேர்கிறதா என்று பார்!