பாழிடத்தைக் காணச் செல்வோர்

கைவிடப்பட்ட கட்டடங்களைக் காண்பதில் மனிதருக்குத் தனியொரு நாட்டம் உண்டு. கூரையிழந்த சுவரும் கதவிழந்த வாயிலும் நம்மை ஏனோ இழுக்கின்றன. அந்த நாட்டம் எத்தகையது என்னும் கேள்வியைத் தாம்பரத்து மக்களாகிய நாம் இப்போது கேட்டுக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, இராமேசுவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே விரைவு ரயில் ஒன்றும் தொடங்கப்பட்டது. மாலையில் இங்கே ஏறினால் விடியலில் இராமேசுவரம்; தனுஷ்கோடியைப் பகலுக்குள் பார்த்துவிடலாம்.

2017-இல் சாலை திறக்கப்படும் வரை முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணல்தான். இன்று அங்கிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர் தார்ச்சாலை செல்கிறது. நம் பங்கு இளைஞர் சிலருடன் சென்றபோது, பழைய ஊர் வரையிலான முதல் ஐந்து கிலோமீட்டரை நடந்தே கடந்தோம். இருபுறமும் கடல், நடுவே நிழலற்ற வெளி, ஆங்காங்கே முட்புதர். பிறகு ரயில் நிலையத்தின் எஞ்சிய சுவர்கள், நீர்த்தொட்டி, பவளப்பாறைக் கற்களால் எழுப்பப்பட்டுக் கூரையின்றி நிற்கும் ஆலயம்.

பீடம் இருந்த இடத்தின் முன் ஒரு குடும்பத்தார் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்தனர். நம்முடன் வந்த இளைஞர் ஒருவர் முகம் சுளித்தார். நமக்கோ அவர்களைக் குறைகூற மனம் வரவில்லை. அவ்வாலயத்தில் எத்தனையோ திருமணங்கள் நடந்திருக்கும். அன்றும் சிரிப்பொலி கேட்டிருக்கும். நாம் அஞ்சுவது மறையுரையாளரின் பார்வையைத்தான். பாழிடத்தைக் கண்டவுடன் "உலக வாழ்வு வீண்" என்று பேசத் தோன்றுகிறதே, அந்தப் பார்வை! பிறர் இழந்த வீட்டை நமக்குரிய பாடமாக மாற்றிக்கொள்வது எளிது. அதற்கு இழந்தவரின் பெயரைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டதைக் குறிப்பிட்ட ஆண்டவர், மாண்டோர் ஏனையோரைவிடக் குற்றவாளிகள் என்று எண்ண இடமளிக்கவில்லை. மனமாற்றத்துக்கான அழைப்பைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடமே திருப்பினார்.

தனுஷ்கோடியை 'இயற்கை அழித்த ஊர்' என்கிறோம். அது பாதி உண்மை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், எழும்பூரிலிருந்து புறப்பட்ட போட் மெயில் நம் தாம்பரம் வழியாகவே தனுஷ்கோடிக்கு ஓடியது. அங்கிருந்து பயணிகள் கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயலும் கடலும் ஊரை மூடின. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு அடித்துச் செல்லப்பட்டது. பாலமும் சிதைந்தது. ஆனால் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் அந்தப் பாலம் 46 நாள்களில் சீராயிற்று. கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து சென்றது. ஊரை மட்டும் வாழத் தகாத இடமென அரசு அறிவித்தது.

அந்த அறிவிப்பைத் தவறென்று சொல்ல நாம் துணியோம். அத்தனை தாழ்ந்த மணல்திட்டில் மீண்டும் பள்ளியும் மருத்துவமனையும் கட்டுவது பேதைமை என்று ஒருவர் வாதிட்டால் மறுப்பதும் கடினம். எனினும் எது மீண்டும் எழ வேண்டும், எது அப்படியே கிடக்கலாம் என்பதைக் கடல் முடிவு செய்யவில்லை; மனிதர் முடிவு செய்தனர். போக்குவரத்துக்குப் பாலம் தேவைப்பட்டது. ஊர் யாருக்குத் தேவைப்பட்டது? அங்கே குடியிருந்தவர்களுக்கு. பாழடைந்த சுவர் முன் நின்று நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவென்றே நமக்குத் தோன்றுகிறது. அதைக் கேளாமல் அழகை மட்டும் இரசிப்பதிலும் நிலையாமையை மட்டும் தியானிப்பதிலும் ஒரே குறைதான் உள்ளது: இரண்டிலும் மனிதர் இல்லை.

இது நமக்கு அயலான செய்தியன்று. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்தபோது, வீட்டுச் சுவரில் நீர் நின்ற கோடு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை இன்றும் கைகாட்டிச் சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கோட்டைப் பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள். சிலர் துடைப்பத்தோடு வந்தார்கள். சிலர் பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரருக்கு வேறுபாடு நன்றாகத் தெரிந்திருந்தது.

தனுஷ்கோடியோ முற்றிலும் கைவிடப்பட்ட ஊருமன்று. மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இன்றும் அங்கு வாழ்கின்றன. கடற்கரை மணலைக் கையால் தோண்டி, ஊறிவரும் நன்னீரை அகப்பையால் மொண்டு குடத்தில் நிரப்புகிறார்கள். சிப்பி மாலை விற்ற ஓர் அம்மையாரிடம் நம் இளைஞர் ஒருவர், "இங்கே இப்போ யாரும் இல்லையா அம்மா?" என்று கேட்டுவிட்டார். "நாங்க இருக்கோமே, தம்பி" என்றார் அவர். அதில் கோபம் தெரியவில்லை. புயல் இரவைத் தம் மாமியார் சொல்லக் கேட்டதை அவர் சொல்லத் தொடங்கினார். அரிச்சல்முனை வரை செல்வது என்பதே நம் திட்டம். கதை முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டதால் அங்கிருந்தே திரும்பினோம்.